கோடையில் மேய்ச்சலே இல்லை, கறவை மாட்டை வைத்திருப்பதா விற்பதா? (பென்னாகரம் பக்கம்)

சின்னாற்றுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற பக்கம் எங்கள் ஊர். மானாவாரி நிலம் 3 ஏக்கர், ராகியும் அவரையும் கொஞ்சம் சாமையும் போடுவோம். ஒரு போர்வெல் இருக்கிறது, ஆனால் மாசிக்கு மேல் அதை நம்ப முடியாது. ஜெர்சி கலப்பினக் கறவை மூன்று, ஒரு கிடாரி, வெள்ளாடு இருபது சொச்சம் உருப்படி.

பிரச்சினை என்னவென்றால் கரட்டில் புல் நிற்பதே இல்லை. முன்பெல்லாம் சித்திரையில் இரண்டு மூன்று கோடை மழை விழுந்தால் கரடு முழுக்கப் பச்சை கட்டி, ஆடி வரைக்கும் மாடு ஆடு எல்லாம் அதில்தான் வயிறு வளர்த்தன. இப்போதும் மழை விழுகிறது, விழவில்லை என்று சொல்ல மாட்டேன், ஒரே சாயங்காலத்தில் ஓடை நிறைய ஓடுகிற மாதிரி கொட்டிவிட்டு அப்புறம் மூன்று நான்கு வாரம் எட்டிப் பார்ப்பதில்லை, முளைத்த புல் விரல் நீளம் வருவதற்குள் கருகிவிடுகிறது. மாடு காலையில் போய் மத்தியானம் வெறும் வயிற்றோடு, போதாததற்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறது.

பால் பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது. அது கூடப் பரவாயில்லை, கொழுப்பும் குறைந்து போய் பால் சொசைட்டியில் விலை இறங்குகிறது. இரண்டு மாடு பங்குனியிலிருந்து சினை பிடிக்கவே இல்லை, சினை ஊசி போட்டுப் போட்டுத் திரும்புகிறது. ராகித்தட்டு கர்நாடகாவிலிருந்து லாரியில் வருகிறது, அவன் சொன்னதுதான் விலை.

அப்பா மூன்றையும் தள்ளிவிட்டு ஆடு வாங்கு என்கிறார். வீட்டில் சம்சாரம், வாரா வாரம் கையில் காசு தருவது மாடுதான், ஆட்டை நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைக்க முடியாது என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் தெரிகிறது. மூன்றாவதாக ஒரு தரகர் வந்து இந்த ஜெர்சியைக் கொடுத்துவிட்டு ஓசூர் பக்கத்து எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பினம்) வாங்குங்கள் 20 லிட்டர் கறக்கும் என்று ஆசை காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சூளகிரி பால்பண்ணை:

தம்பி, ஒரே வரியில் சொன்னால், கறவை மாட்டை மேய்ச்சலை நம்பி வைக்கிற காலம் போய்விட்டது. நான் பன்னிரண்டு மாடு வைத்திருக்கிறேன், ஒன்று கூட வெளியே போவதில்லை. கொட்டகையில் மின்விசிறி, தண்ணீர் தூவுகிற குழாய், சைலேஜ்.

சைலேஜ் என்றால் பெரிய முதலாளி வேலை என்று பயப்பட வேண்டாம். மக்காச்சோளம் கதிர் பால் கட்டி மாவுப் பதத்துக்கு வரும்போது அறுத்து, ஒரு அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கி, குழியிலோ கனமான பையிலோ காற்று இல்லாமல் மிதித்து மூடி வைத்தால் 45 நாளில் தயார். மூடியது மூடியபடி இருந்தால் அடுத்த வருஷம் வரை கெடாது. ஒரு கன மீட்டர் குழியில் சுமாராக அரை டன் பிடிக்கும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 20 கிலோ வீதம் 100 நாளுக்கு 2 டன், அதாவது நான்கு கன மீட்டர் குழி போதும். புரட்டாசி ஐப்பசியில் தண்ணீர் இருக்கும்போது போட்டு எடுத்து வைத்துக்கொண்டால் மாசி முதல் வைகாசி வரை எந்த லாரிக்காரனையும் கெஞ்ச வேண்டாம்.

எச்.எஃப். விஷயத்தில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். எங்கள் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், ராத்திரி குளிரும். தருமபுரி அதில் பாதிதான். இங்கே ஓடுகிற மாடு அங்கே ஓடாது. தரகருக்கு மாடு கைமாறினால் போதும், அப்புறம் மாடு மூச்சு வாங்கினால் அவருக்கு என்ன.

அஞ்செட்டி பட்டிக்காரன்:

மேலே எழுதியவர் பன்னிரண்டு மாட்டுக்காரர், தண்ணீர் உள்ளவர். கேட்டவர் போர்வெல்லை மாசிக்கு மேல் நம்ப முடியாது என்று எழுதியிருக்கிறார், அதைப் படித்தீர்களா அண்ணா? மக்காச்சோளத்துக்கு எங்கே போவார்?

அப்புறம் ஒரு விஷயம். எல்லாவற்றையும் வெயில் தலையில் கட்டுவது இப்போது வசதியாகிவிட்டது. வெயில் ஏறியது உண்மை, மழை தாறுமாறாகப் போனதும் உண்மை. ஆனால் புல் போனதற்கு அது மட்டுமா காரணம்? எங்கள் தாத்தா காலத்தில் நூறு உருப்படி காட்டுப் பட்டியில் கிடக்கும். மழைக்காலத்தில் மேலே, கோடையில் ஆற்றோரம் என்று மாடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு இடத்துப் புல் தின்று தீர்வதற்குள் இன்னொரு இடத்துக்கு ஓட்டிவிடுவார்கள். வறட்சி வராத காலமா அது? வந்தது. வந்தால் நகர்ந்து போக இடம் இருந்தது.

இப்போது காட்டுக்குள் போனால் புல் இருந்த இடமெல்லாம் உண்ணிச்செடி. அதன் அடியில் ஒரு புல் முளைக்காது, பசி தாங்காமல் மாடு அதையே தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் உரிகிறது. ஊருக்குப் பக்கத்தில் ஏரியில் சீமைக்கருவேலம், பீடு நிலத்தில் பார்த்தீனியம், அதைத் தின்ற மாட்டின் பால் கசக்கும். மேய்க்கால் புறம்போக்கு என்று பழைய கணக்கில் இருக்கிற இடத்தில் இன்று போய் நின்று பாருங்கள், வேலி இருக்கும், மாந்தோப்பு இருக்கும், கல் குவாரி இருக்கும்.

காட்டு விஷயத்தில் சட்டமும் மாறியது. 2014இல் காவிரி வடக்கு சரணாலயம், 2022இல் காவிரி தெற்கு சரணாலயம். அதே 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்றது, பிறகு அதே மாதம் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் என்று சுருக்கியது. நமக்கு என்ன லாபம், நம் காட்டில் பெரும் பகுதி இப்போது சரணாலயம்தானே. 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சலும் ஒரு உரிமை என்று எழுதியே இருக்கிறது, கிராம சபை வழியாகக் கேட்கலாம். கேட்டு வாங்குவதற்குள் மாடு இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

ஆலம்பாடி மாடு பிறந்த மண் உங்கள் ஊர்ப்பக்கம்தான் தம்பி. ஒரு நாட்டு மாட்டை ஒரு வாரம் வெயிலில் விட்டுப் பாருங்கள், ஒரு ஜெர்சியை விட்டுப் பாருங்கள்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

அஞ்செட்டி நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நிலம் சுருங்கியது வேறு, வானம் மாறியது வேறு. ஆனால் இரண்டும் ஒன்றை ஒன்று பெரிதாக்குகின்றன. நகர இடம் இல்லாத மந்தை ஒரே கரட்டைத் திரும்பத் திரும்ப மேய்கிறது, புல் வேரோடு போகிறது, மண் இறுகுகிறது, இறுகிய மண்ணில் கொட்டுகிற மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது. கேட்டவர் சொன்னாரே, மழை பெய்தும் புல் நிற்கவில்லை என்று, அதன் கதை இதுதான். பலமாகப் பெய்து ஓடிப் போகிற 50 மில்லிமீட்டரும், நாலைந்து தூறலாக மண்ணில் ஊறுகிற 50 மில்லிமீட்டரும் மழைமானியில் ஒரே எண், புல்லுக்கு ஒன்றல்ல. கூடவே வெயில் ஏறினால் மண்ணில் இருக்கிற ஈரமும் வேகமாக ஆவியாகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடிக்கும், அது மண்ணிலிருந்து உறிஞ்சுவதற்கும் பொருந்தும், பிறகு ஒரே மூச்சில் கொட்டுவதற்கும் பொருந்தும். 1901இலிருந்து வைத்திருக்கிற கணக்கில் இந்தியாவுக்கு அதிக வெப்பமான ஆண்டு 2024 என்று வானிலைத் துறையே சொல்லிவிட்டது. அந்தச் சித்திரை வைகாசியில் கொட்டகைகளில் மாடுகள் எப்படி இருந்தன என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

புல்லிலும் ஒரு மாற்றம் உண்டு. மழை இடைவெளி நீண்டால் நல்ல புல் முதலில் போகும், ஊசிப்புல் மாதிரி முரட்டுப் புல்லும், மாடு தொடாத செடியும் நிற்கும். கரடு பார்வைக்குப் பச்சையாக இருந்தும் மாடு மெலிவதற்கு அது ஒரு காரணம். புல் சீக்கிரம் முற்றி நார் ஏறிவிடும், புரதம் இறங்கிவிடும்.

இப்போது உங்கள் மாட்டுக்கு வருகிறேன். கலப்பின மாட்டுக்கு வெயிலும் காற்றின் ஈரமும் சேர்த்து ஒரு கணக்கு உண்டு, அது 72ஐத் தாண்டினால் சிரமம் தொடங்கும் என்பார்கள். 30 டிகிரி வெயில், 50 சதவீத ஈரம் என்றால் அந்தக் கணக்கு 78. அதாவது நாம் இதமான நாள் என்று நினைக்கிற நாளிலேயே மாடு கஷ்டப்பட ஆரம்பித்துவிடுகிறது. ராத்திரி குளிர்ந்தால் பகலில் ஏறிய சூட்டை இறக்கிவிடும். ராத்திரியும் புழுங்கினால் இறக்க வழியில்லை, மறுநாள் சூட்டோடு சூடாகத் தொடங்குகிறது.

சூடு ஏறினால் மாடு முதலில் குறைப்பது தீனி, அதிலும் தட்டு, வைக்கோல். ஏனென்றால் நார்த்தீனி செரிக்கும்போது வயிற்றுக்குள்ளேயே சூடு உண்டாகும். தட்டு குறைந்தால் பாலில் கொழுப்பு குறையும். உடனே நம் ஆட்கள் என்ன செய்வார்கள், கொழுப்பு குறைந்துவிட்டதே என்று தவிட்டையும் மாவையும் கூட்டுவார்கள். மூச்சிரைக்கிற மாட்டுக்கு எச்சில் வீணாக ஒழுகுகிறது, வயிற்றில் புளிப்பை அடக்குவது அந்த எச்சில்தான், அதில் மாவும் சேர்ந்தால் வயிறு புளித்து இருக்கிற கொழுப்பும் போய்விடும். ஆகவே கோடையில் தட்டை ராத்திரி எட்டு மணிக்கு மேல் போடுங்கள், விடியும் வரை அசை போடட்டும். அடர்தீவனத்தை இரண்டு வேளைக்குப் பதில் மூன்று நான்காகப் பிரித்து, வெயில் நேரம் விட்டு வையுங்கள். தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள். தண்ணீர் எந்நேரமும் நிழலில் இருக்க வேண்டும், கறவை மாடு கோடையில் நாளைக்கு 80, 100 லிட்டர் வரை குடிக்கும். மேய்ச்சலுக்கு விடுவதானால் காலை ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும், மறுபடி மாலை நான்கரைக்கு மேல்.

சினை பிடிக்காதது பற்றி. வெயிலில் பருவம் சரியாகத் தெரியாது, கத்தாது, ஏறாது, வழும்பு மட்டும் கொஞ்சம் வரும், அதுவும் ராத்திரியில் வந்து போய்விடும். எனவே படுக்கப் போகும்போதும் விடிகாலையிலும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். காலையில் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஊசி போட்ட பிறகு வருகிற முதல் வாரம்தான் முக்கியம், அந்த நாட்களில் மாட்டின் உடல் சூடு ஏறினால் கரு தங்காது. ஊசி போட்ட மாட்டை அன்றைக்கே கரட்டில் ஓட்டிவிட்டால் காசு வீண். முடிந்தால் ஊசியை ஆவணி முதல் தை வரை வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

தீவனத்துக்கு வருகிறேன். உங்கள் 3 ஏக்கரில் ஒரு ஏக்கரை எனக்குக் கொடுத்தால் நான் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) மாதிரி ஆக்கிவிடுவேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசால் என்கிற பயறுவகைத் தீவனச் செடியும் மூன்றுக்கு ஒன்று, ஆங்காங்கே வெள்வேல் மரம். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். ஆடிப்பட்டத்தில் விதைக்கலாம். கொழுக்கட்டைப் புல் விதை புதிதாக இருந்தால் முளைக்காது, அறுத்து ஆறு மாதமாவது ஆன விதை வாங்குங்கள். முயல்மசால் விதையைக் கொதித்து இறக்கிய நீரில் நாலைந்து நிமிஷம் போட்டெடுத்து, பச்சைத் தண்ணீரில் ராத்திரி ஊறவைக்க வேண்டும். முதல் வருஷம் மாட்டை உள்ளே விடக் கூடாது, அறுத்துத்தான் போட வேண்டும். நம் ஆட்களுக்கு இந்த ஒரு வருஷம் பொறுக்க முடிவதில்லை, அதனால்தான் பாதிப் பேர் கொழுக்கட்டைப் புல் வராது என்கிறார்கள்.

வேலியோரம் கிளைரிசிடியா, சூபாபுல், அகத்தி. மேல்மண் காய்ந்தாலும் மரத்தின் வேர் கீழே போய்விடுகிறது, பங்குனியில் பச்சை தருவது மரம் மட்டுமே. சூபாபுல்லை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள், முடி கொட்டும்.

நெல் வைக்கோல் மலிவாகக் கிடைத்தால் யூரியா ஊட்டம் செய்யலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடி வையுங்கள். எடுத்துக் கொஞ்ச நேரம் ஆற வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. கரைத்த தண்ணீரை மாடு குடிக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், செத்துப் போகும். ராகித்தட்டு இருந்தால் இதெல்லாம் தேவையில்லை, அது வைக்கோலைவிட நல்ல தீனி.

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை போய்க் கேளுங்கள்.

ஊத்தங்கரை ஆட்டுக்காரி:

எல்லாரும் வெயிலைப் பற்றியே எழுதுகிறீர்கள், எங்களுக்குத் தண்ணீரில் போனது யாருக்கும் ஞாபகம் இல்லையா? 2024 டிசம்பர் ஒன்றாம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அரூரில் 33. எங்கள் ஊருக்கு ஒரு வருஷத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரு நாளில். மேட்டுக் கொட்டகைக்காரர்கள் தப்பித்தார்கள், ஏரிக்குக் கீழே கட்டியிருந்தவர்கள் ஆட்டை எண்ணிக்கூடப் பார்க்க முடியவில்லை. தட்டுப் போர் நனைந்து பூசணம் பிடித்து, அதைப் போட்டால் மாடு கழிகிறது, போடாவிட்டால் பட்டினி.

அதற்கு அப்புறம்தான் நோய். ஈரத்தில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு அழுகியது, சளி பிடித்தது, குடற்புழு ஏறியது. செம்மறி வைத்திருந்தவர்களுக்கு நீலநாக்கு, மழைக்குப் பின்னால் கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சி வருமே, அது கடித்துப் பரவுகிறது. அப்புறம் காய்ந்து கிடந்த கரட்டில் திடீரென்று இளம்புல் வந்ததும் ஆடு ஆவலாக மூக்குமுட்டத் தின்று துள்ளுமாரியில் விழும், சாயங்காலம் நன்றாக இருந்தது காலையில் வயிறு உப்பிக் கிடக்கும். அதிலும் கொழுத்த குட்டிதான் முதலில் போகும்.

அண்ணன், ஆடு வாங்குவதானால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை, நானே சேலம் கருப்பு வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் ஆடு எதையும் தாங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்காதீர்கள். வெயிலைத் தாங்கும், தழை இருந்தால் போதும், அது சரி. ஈரத்தைத் தாங்காது. பரண் போட்டுக் கட்டுங்கள், தரையிலிருந்து மூன்று அடியாவது இருக்கட்டும். துள்ளுமாரி ஊசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம், ஆட்டுக்கொல்லி ஊசி ஒருமுறை போட்டால் மூன்று வருஷம். மழை விழுந்து புல் முளைத்த முதல் பத்து நாள் கொஞ்சம் காய்ந்த தட்டோ கொடியோ தின்ன வைத்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். அவசரம் என்றால் 1962க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும், எங்கள் ஊருக்கு இரண்டு முறை வந்திருக்கிறது.

அப்புறம் வீட்டுக்கார அக்கா சொல்வதுதான் என் கட்சி. ஆடு நல்ல விலை போகிற நாளில் லட்சம் கூட வரும், ஆனால் குழந்தை ஸ்கூல் ஃபீஸ் பக்ரீத் வரைக்கும் காத்திருக்குமா?

சூளகிரி பால்பண்ணை:

அஞ்செட்டி தம்பி கோபம் புரிகிறது. தண்ணீர் விஷயத்தைக் கவனிக்காமல்தான் எழுதிவிட்டேன், சரி. ஆனாலும் ஒரு கேள்வி. நாட்டு மாடு தாங்கும் என்கிறீர்கள், தாங்கட்டும். வாரப் பட்டுவாடாவில் அது எவ்வளவு தரும்? ஆலம்பாடி உழவுக்கும் வண்டிக்கும் வந்த மாடு, கன்றுக்குப் போக வீட்டுக்கு ஒரு செம்பு கிடைத்தால் பெரிது. உழவு டிராக்டருக்குப் போய்விட்டது. பாசத்துக்கு வளர்க்கலாம், கடன் கட்ட முடியாது.

அஞ்செட்டி பட்டிக்காரன்:

நீங்கள் பாலை மட்டும் எண்ணுகிறீர்கள். எங்கள் மாடு சாணிக்கு. பட்டியில் விழுகிற எருவை ராகிக் காட்டுக்கும் மஞ்சளுக்கும் லோடு லோடாக வாங்கிக்கொண்டு போகிறார்கள், தீனிச் செலவு பூஜ்யம். உங்கள் மாடு 15 லிட்டர் கறந்து அதில் எத்தனை லிட்டர் தீவனக் கடைக்குப் போகிறது என்று எழுதுங்கள், அப்புறம் பேசலாம். ஆனால் காடு மூடினால் எங்கள் கணக்கும் மூடிவிடும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். கட்டிப் போட்டுத் தீனி வாங்கிப் போடுகிற அளவுக்கு அந்த மாடு தராது. எங்கள் ஊரிலேயே பட்டி பாதியாகிவிட்டது, பையன்கள் ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

சின்னாற்றுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. டாக்டர் சார், தட்டை ராத்திரிக்கு மாற்றிப் பார்க்கிறேன், நாங்கள் இதுவரை காலையில்தான் போட்டோம்.

ஒரு சந்தேகம். பக்கத்துக் காட்டில் சோளம் மழை இல்லாமல் இடுப்புக்குக் கீழேயே வாடி நிற்கிறது, கதிர் வராது, அவர் மாட்டுக்கு அறுத்துக்கொள் என்கிறார். இலவசமாகத் தருகிறார். போடலாமா? ஏற்கெனவே அறுத்த இடத்தில் மறுதழைவும் வந்திருக்கிறது.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):

பச்சையாகப் போடாதீர்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்திலும் மறுதழைவிலும் சயனைடு நச்சு அதிகமாக இருக்கும், அதிலும் நீண்ட வறட்சிக்குப் பின் ஒரு மழை விழுந்து துளிர்க்கிறதே அது ரொம்ப மோசம். பசியோடு இருக்கிற மாடு நாலு வாய் தின்றதும் கால் தள்ளாடி, வாயில் நுரை தள்ளி, மூச்சு முட்டிப் பத்து இருபது நிமிஷத்தில் விழுந்துவிடும். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிடுகிற கேஸ் அது. நச்சை முறிக்கிற ஊசி இருக்கிறது, ஆனால் நேரம் கிடைக்க வேண்டுமே.

அறுத்து வெயிலில் பரப்பி நன்றாகச் சருகாகக் காய வைத்தால் நச்சு பெரும்பாலும் போய்விடும். காய்ந்ததை வேறு தட்டோடு கலந்து, வெறும் வயிற்று மாட்டுக்கு இல்லாமல், கொஞ்சமாகத் தொடங்குங்கள். மறுதழைவை விட்டுவிடுங்கள், அது பூக்கிற வரைக்கும் ஆடு மாடு அந்தப் பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சொல்லுங்கள், அவர் மாடும் அங்கேதானே மேய்கிறது.

வானம் பார்த்த பூமி:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், எனக்கு ஊர் நல்லம்பள்ளி. இங்கே யாரும் 2016ஐச் சொல்லவில்லை. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அறிவித்தார்கள். அப்போது எங்கள் தெருவில் கறவை மாட்டைக் கேட்ட விலைக்கு விற்றவர்கள், மழை வந்ததும் அதே மாதிரி மாட்டை இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினார்கள். எல்லாரும் விற்கிற நேரத்தில் விற்கக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. குறைப்பதாக இருந்தால் தை மாதம், மாடு தெம்பாக இருக்கும்போது குறைக்க வேண்டும். சித்திரையில் எலும்பும் தோலுமாகச் சந்தைக்கு ஓட்டிப் போனால் வியாபாரி துண்டுக்கடியில் விரலைப் பிடிக்கும்போதே சிரிப்பான்.

சின்னாற்றுக்காரன்:

சோளம் விஷயம் தெரியாமல் இருந்தது, இப்போதே போய்ப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் நம்பவில்லை, ஆனாலும் மாட்டைக் கட்டிவிட்டார்.

வீட்டில் பேசினோம். மூன்றில் சினை பிடிக்காத கிழட்டு மாடு ஒன்றை மட்டும் கொடுப்பது, ஆனால் இப்போது இல்லை, மழை வந்து கொஞ்சம் தேறட்டும். மற்ற இரண்டையும் கிடாரியையும் வைத்துக்கொள்கிறோம். எச்.எஃப். வேண்டாம் என்று முடிவு. ஆட்டை அப்படியே விட்டு, பரண் மட்டும் போடுகிறோம். கீழ்க்காட்டு ஒரு ஏக்கரில் ஆடிக்குக் கொழுக்கட்டைப் புல் போடலாம் என்றதும் அப்பா, ராகி போடுகிற நிலத்தில் புல் போடுவதா என்று ஆரம்பித்துவிட்டார். அரை ஏக்கருக்குச் சம்மதித்திருக்கிறார். அதிலும் வெள்வேல் வேண்டாமாம், முள் காலில் குத்துமாம்.

விதை யாரிடம் கிடைக்கும்? பழைய விதை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊத்தங்கரை ஆட்டுக்காரி:

ஒரு கைப்பிடி வாங்கி ஈரத் துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள் அண்ணன், பத்து நாளில் பாதியாவது முளைக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். எங்கள் கரட்டில் போட்டது இருக்கிறது, விதை உதிர்கிற நேரம் வந்து பறித்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். ஆனால் அதை அடுத்த ஆடிக்குத்தான் போட முடியும். இந்த ஆடிக்கு வேண்டுமென்றால் வேரோடு சிம்பு பிடுங்கித் தருகிறேன், மழை நாளில் நட்டால் விதையைவிடச் சீக்கிரம் பிடிக்கும். வரும்போது சாக்கு கொண்டு வாருங்கள்.